விழுந்தாலும் அழாத பிள்ளை

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் மகனுக்கு ஒன்றரை வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான், எடை 1.7 கிலோ, 22 நாள் 'பெட்டியில்' வைத்திருந்தார்கள். அண்ணனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை வருவார், வந்தால் குடி, சத்தம். மதினி வீட்டில் பீடி சுற்றுகிறார். பிரசவத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "பையன் விழுந்தாலும் அழ மாட்டேங்கான். யார் கூப்பிட்டாலும் போயிருதான். மதினி வெளிய போனாலும் வந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கான். எல்லாரும் சமர்த்துப் பிள்ளைங்காங்க, எனக்குத்தான் மனசு கேக்கல. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகப் பெத்தவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற திட்டங்கள் வெளிநாட்டுல இருக்குன்னு படிச்சேன். அது நிஜமாவே பலன் தருமா? நம்ம ஊர்ல என்ன செய்யலாம்?"

பலன் தரும். ஆனால் வானத்தை வில்லாக வளைக்கும் பலனை எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம், 'பயிற்சி' என்றதும் கரும்பலகையும் நோட்டுப் புத்தகமும் மனசில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். நான் கீழே சொல்லப்போகும் திட்டங்கள் எதிலும் பாடம் நடத்துவது முக்கிய வேலையாக இருந்ததில்லை. நான் பால்வாடிகளை மேற்பார்க்கும் வேலையில் நெல்லை, தென்காசிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் சுற்றியவள். ஆரம்பத்தில் மாதக் கூட்டங்களில் தாய்மார்களை உட்கார வைத்து 'குழந்தையிடம் அன்பாகப் பேச வேண்டும்' என்று பத்துப் பாயிண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டுவார்கள், சத்துமாவை வாங்கிக்கொண்டு போவார்கள், ஒன்றும் மாறாது. தப்பு என் பக்கம்தான் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

முதலில் அந்த 'சமர்த்து' பற்றி. உங்கள் மனசு கேட்காமல் போனது சரிதான். பத்து மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை ஒரு குழந்தை அம்மா வெளியே கிளம்பினால் சிணுங்குவதும், புது ஆளைக் கண்டால் சேலைக்குள் முகத்தைப் புதைப்பதும், விழுந்தால் அம்மாவைத் தேடி ஓடுவதும் வளர்ச்சியின் அடையாளம். புத்தகங்களில் இதற்குப் 'பாதுகாப்பான பிணைப்பு' என்று பெயர். நம் ஊரில் 'பிள்ளை யார்கிட்ட ஒட்டுதலா இருக்கு?' என்று கேட்போமே, அந்த ஒட்டுதல்தான். பயம் வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பிள்ளை அந்த ஆளை விட்டு இறங்கி உலகத்தைப் பார்க்கப் போகிறது.

இதை நேரில் உட்கார்ந்து பார்த்துப் பதிவுசெய்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர். 1950களின் நடுவில் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள ஊர்களில் 26 வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, தாயும் சேயும் பழகுவதைப் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு சோதனையை வகுத்தார். சுமார் இருபது நிமிடம்தான் பிடிக்கும். பழக்கமில்லாத அறை, கொஞ்சம் விளையாட்டுச் சாமான், ஒரு புது ஆள். அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவார். எல்லாரும் அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்று பார்ப்பார்கள். எய்ன்ஸ்வொர்த் முக்கியமாகப் பார்த்தது அம்மா திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதை. ஒட்டுதல் நன்றாக இருக்கும் பிள்ளை அழுதிருந்தாலும், அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டும், தோளில் சாயும், கொஞ்ச நேரத்தில் இறங்கி விளையாடப் போய்விடும். சில பிள்ளைகள் அம்மா வந்ததைக் கவனிக்காத மாதிரி பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க ரொம்ப அமைதி. ஆனால் பின்னால் வந்தவர்கள் கருவி வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் இதயத் துடிப்பு ஏறித்தான் இருந்தது. உள்ளே தவிப்பு, வெளியே காட்டுவதில்லை. அழுதால் பயனில்லை, சில நேரம் அழுதால் இன்னும் மோசமாகும் என்று அந்தச் சின்ன மூளை கற்றுக்கொண்ட பாடம் அது. மூன்றாவதாக, அழுதுகொண்டே ஒட்டிக்கொண்டு, தூக்கினாலும் உதறுகிற பிள்ளைகள் உண்டு. இவை தவிர, ஓடி வரும், பாதியில் உறைந்து நிற்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வரும் பிள்ளைகளும் உண்டு. எந்த ஆளிடம் ஓட வேண்டுமோ அந்த ஆளையே கண்டு பயம் என்றால் பிள்ளை வேறு என்னதான் செய்யும்? அடி, குடி, கூச்சல் உள்ள வீடுகளில் இந்தக் கடைசி வகை அதிகம். மேரி மெய்ன், ஜூடித் சாலமன் என்ற இருவர்தான் 1980களில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள்.

உங்கள் மருமகன் இதில் எந்த வகை என்று இங்கே உட்கார்ந்து நான் சொன்னால் அது குறி சொல்வதாகிவிடும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எட்டாம் மாதத்தில் பிறந்தவனுக்கு வயதைக் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயது என்றாலும் வளர்ச்சிக்கு அவன் பதினாறு மாதப் பிள்ளைதான். அடுத்தது காது. ஐந்து நாளுக்கு மேல் பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவில் இருந்த பிள்ளைகளுக்குக் காது கேட்பதில் குறை வர வாய்ப்பு கூடுதல். இவன் 22 நாள் இருந்திருக்கிறான். அம்மா வந்ததும் திரும்பிப் பார்க்காததற்கு மனசு காரணமா, காது காரணமா என்று தெரியாமல் எந்தத் திட்டத்தையும் பேசக் கூடாது. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். காக்காயைக் கண்டால் விரலால் சுட்டிக் காட்டுகிறானா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்றும் கவனியுங்கள். இதில் சந்தேகம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். ரத்தசோகை இருந்தாலும் பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதெல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? மதினி மேல் பழி போடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் முதல் ஒரு வருடத்தை யோசித்துப் பாருங்கள். பிறந்த அன்றே பிரித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. 22 நாளும் தாய் கண்ணாடி வழியே பார்த்ததுதான். வீட்டுக்கு வந்ததும் 'குறைமாசப் பிள்ளை, ரொம்பத் தூக்காதே' என்றிருப்பார்கள். அப்புறம் பீடி. சுளவை (முறத்தை) மடியில் வைத்தால் மடி போச்சு. ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக் கட்டினால்தான் கடையில் வாங்குவார்கள். பிள்ளை தவழ்ந்து வந்தால் தூள் பட்டுவிடும் என்று தள்ளித்தான் விட வேண்டும், தள்ளி விடுவதும் சரிதான், அது புகையிலை. ஆனால் பிள்ளைக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது. போனால் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான் தெரியும். நூறு தடவை தள்ளினால் நூற்றியோராவது தடவை அது வராது.

இதற்கு மேல் மதினியின் மனசு. பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடம் கழிந்தும் சிரிப்பு வரவில்லை என்றால் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ ஒதுக்காதீர்கள். வேலூர் பக்கக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வு, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்த பெண்கள் நூற்றுக்கு 11 பேர் என்று கண்டது. தாயின் முகம் அசையாமல் இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்து காட்டினார். தாயைச் சில நிமிடம் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கிவிடும். சில நிமிடத்துக்கே இந்தப் பாடு. (செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற எல்லாரும், என் சொந்த மகள் உட்பட, இதை ஒருமுறை யோசிக்கலாம்.) அதே ட்ரானிக் சொன்ன இன்னொன்று ஆறுதலானது. நன்றாக இருக்கிற தாயும் சேயும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒத்துப்போவதில்லை. தவறுவது இயல்பு, தவறியதைக் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துகொள்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இப்போது திட்டங்களுக்கு வருகிறேன்.

2003இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள், அதுவரை நடந்த 70 ஆய்வுகளை ஒன்றாக அலசினார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே முடிவு இருந்தது: குறைவாகச் செய்தால்தான் நிறையக் கிடைக்கிறது. 16 சந்திப்புகளுக்கு மேல் இழுத்தடித்த திட்டங்களைவிடக் குறைந்த தடவை சந்தித்த திட்டங்கள் நன்றாக வேலை செய்தன. தாயின் சின்ன வயதுக் கதையைக் கிளறியவற்றைவிட, கண்முன் நடக்கும் பழக்கத்தைக் குறிவைத்தவை மேல். கர்ப்பத்திலேயே ஆரம்பித்தவற்றைவிட ஆறு மாதத்துக்குப் பிறகு ஆரம்பித்தவை மேல். ஆக, உங்கள் வீட்டில் ஒன்றும் நேரம் கடந்துவிடவில்லை. பலனின் அளவு மொத்தத்தில் சிறியதுதான் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று அதே நாட்டில் 1994இல் வந்தது. டிம்ஃப்னா வான் டென் போம் என்பவர், வருமானம் குறைந்த வீடுகளில் பிறந்து, பிறந்த சில நாளிலேயே 'சிடுசிடு' என்று தெரிந்த நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டார். பாதிப் பேர் வீட்டுக்கு, குழந்தைக்கு ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் ஆவதற்குள் மூன்றே மூன்று தடவை போனார். 'பிள்ளை இப்போது உங்களைப் பார்க்கிறது, இப்போது களைத்துவிட்டது, இப்போது தூக்கச் சொல்கிறது' என்று குழந்தை காட்டும் சாடையைத் தாய்க்குச் சொல்லிக் காட்டி, அதற்கேற்பச் செய்ய வைத்தார். ஒரு வயதில் சோதித்தபோது இந்தப் பக்கம் நூற்றுக்கு 62 பிள்ளைகள் பாதுகாப்பான ஒட்டுதலோடு இருந்தார்கள். போகாத பக்கம் 22தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் எல்லா இடத்திலும் வராது. இருந்தாலும் மூன்று தடவை!

உங்கள் மருமகன் நிலைக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவில் மேரி டோசியர் வகுத்த திட்டம். அடி, அலட்சியம் என்று அரசு கண்காணிப்புக்குள் வந்த குடும்பங்களுக்கானது. வாரம் ஒருமுறை, வீட்டுக்கே போய், பத்து வாரம். சொல்லித் தருவது மூன்றுதான்: பிள்ளை நோகும்போது அணைப்பது, விளையாட்டில் பிள்ளை போகும் வழியில் நாம் போவது, பிள்ளையைப் பயமுறுத்தாமல் இருப்பது. இதன் அடிப்படையில் ஒரு கூர்மையான எண்ணம் இருக்கிறது. நொந்த பிள்ளை, தனக்கு யாரும் வேண்டாம் என்பதுபோல நடந்துகொள்ளும். விழுந்தால் அழாது, தூக்கினால் நெளியும். அதைப் பார்த்து நாமும் 'சரி, அவனுக்கு வேண்டாம்போல' என்று விலகிவிடுகிறோம். அவன் கேட்காவிட்டாலும் கொடு என்று தாயைப் பழக்குவதுதான் முதல் வேலை. வீட்டுக்கு வருபவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒருமுறை, நடப்பதை நடக்கும்போதே சொல்வார்: 'அவன் கையைத் தேய்த்தான், நீங்கள் உடனே ஊதிவிட்டீர்கள் பாருங்கள்.' 2012இல் வெளியான ஆய்வில் 120 குழந்தைகள் இருந்தார்கள். பயந்து உறையும் அந்தக் கடைசி வகை, இந்தத் திட்டம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 32, மற்றவர்களில் 57. அந்த 'மற்றவர்கள்' வீட்டுக்கும் பத்து வாரம் ஆள் போனது, பேச்சு வளர்ச்சி, கைகால் வளர்ச்சி என்று சொல்லிக்கொடுத்தது. ஆக, வீட்டுக்கு யாரோ வந்துபோனார்கள் என்பது மட்டும் காரணமில்லை. எதைப் பார்த்தார்கள், எதைச் சொன்னார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

லெய்டன்காரர்களின் திட்டம் வீடியோவை வைத்து நடக்கும். தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் எடுத்துக்கொண்டு போய், அடுத்த முறை வந்து அதில் நல்ல இடங்களில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். ஆறே சந்திப்பு. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறதே, நாமும் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம். எடுத்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல் இருக்க முடியும் என்றால் மட்டும்.

படித்தவர்கள்தான் இதைச் செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் ஓரத்தில் கயலிட்சா என்று ஒரு குடிசைப் பகுதி. அங்கே அந்தப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசியிலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை 16 தடவை வீடுகளுக்கு அனுப்பினார்கள். 449 தாய்மார்கள். ஒன்றரை வயதில் பாதுகாப்பான ஒட்டுதல் 74 சதவீதம், அந்த உதவி கிடைக்காதவர்களில் 63 சதவீதம். 2009இல் வந்த முடிவு இது. நம் ஊர் பால்வாடி டீச்சரும் நர்ஸம்மாவும் நின்று நிதானமாகச் செய்தால் இங்கேயும் நடக்கும் என்று நான் நம்புவது இதை வைத்துத்தான். என்ன, அவர்கள் தலையில் ஏற்கெனவே இருக்கிற ரிஜிஸ்டர்களைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஆச்சிகளுக்கு உபயோகப்படும். 1990இல் நியூயார்க்கில் ஏழைத் தாய்மார்கள் சிலருக்குப் பிள்ளையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணிப்பையும், சிலருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் இலவசமாகக் கொடுத்தார்கள். வேறு எந்தப் பயிற்சியும் இல்லை. பதிமூன்று மாதத்தில் பார்த்தால், துணிப்பைப் பிள்ளைகளில் 83 சதவீதம் பாதுகாப்பான ஒட்டுதல், நாற்காலிப் பிள்ளைகளில் 38 சதவீதம். சிறிய ஆய்வுதான். நாம் காலங்காலமாக ஒக்கலில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்ததைத்தான் அங்கே பை கொடுத்து நிரூபித்தார்கள். 'தூக்கிப் பழக்காதே, கையை விட்டு இறங்காது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆலங்குளம் பக்கம் ஒரு வீடு. அதைச் சொன்னால் நான் சொல்வது இன்னும் விளங்கும். தாய்க்கு 22, 23 வயது இருக்கும். வாசல் திண்ணையில் காலை நீட்டி, மடியில் சுளவு. நனைத்த இலையை வெட்டி வைத்திருக்கிறாள். இலையை எடுப்பது, தூளை வைப்பது, உருட்டுவது, நூலைச் சுற்றுவது, அந்த விரல்களைப் பார்த்தால் தனி உயிர் மாதிரி இருக்கும். பதினான்கு மாதப் பெண் பிள்ளை இரண்டு கஜம் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நான் போய் உட்கார்ந்தேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை, வெயிலைப் பற்றிப் பேசினோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுந்து, கீழே கிடந்த, தூள் படாத இலைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அம்மா முன்னால் நீட்டியது. அம்மா தலையைத் தூக்காமல் 'ம்' என்றாள். பிள்ளை நின்றது. துண்டைக் கீழே போட்டது. பழையபடி சுவர்.

பிள்ளை இரண்டாம் முறை வந்தபோது அம்மா முழங்காலைக் கொஞ்சம் அகற்றி, அது சாய இடம் விட்டாள். அவளுக்கே தெரியாமல் செய்தது அது. நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "இப்ப கால நகத்துனியே, அவ சாயதுக்குத்தான?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை துண்டை நீட்டிக்கொண்டிருந்தது. "எனக்கா தாரே?" என்று கேட்டாள். பிள்ளை சிரிக்கவில்லை, மோவாய் மட்டும் லேசாக நடுங்கியது, அப்புறம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது. நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். தூள் தட்டை உயரத்தில் வைக்கவும், கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடவும் கிளம்பும்போது சொன்னேன்.

அடுத்த வாரம் போனால் அவளே ஆரம்பித்தாள். "யக்கா, இவ இலைய எடுத்துத் தந்துட்டே இருக்கா. நேத்து எண்ணிப் பாத்தேன், பதினேழு தடவ." பீடியை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டிப் பழகியவள் அல்லவா, பிள்ளை தன்னிடம் வருவதையும் எண்ணத் தொடங்கிவிட்டாள். பீடி எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்க்க இரண்டு வினாடிதான் ஆகிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மதினிக்கு நீங்கள் நாத்தனார் என்பதை மறக்காதீர்கள். நாத்தனார் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைகூடக் குத்தலாகத்தான் கேட்கும். 'பிள்ளையைக் கவனி' என்று ஒரு தடவைகூடச் சொல்லாதீர்கள். அவர் நல்லதாக ஒன்று செய்யும்போது மட்டும், அந்த நேரத்திலேயே, சாதாரணமாகச் சொல்லுங்கள். 'மதினி, நீங்க பாடுனதும் திரும்புதான் பாருங்க.' அதோடு நிறுத்திவிடுங்கள். அதைவிட முக்கியம், தினமும் ஒரு அரைமணி நேரம் அந்தச் சுளவை உங்கள் மடிக்கு மாற்றுங்கள். பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொண்டு போவதைவிட, வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு பிள்ளையை அவரிடம் விடுவது நல்லது. கைகழுவி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நேரம் ரொம்ப உகந்தது.

அதற்காக உங்களிடம் பிள்ளை ஒட்டக் கூடாது என்று அர்த்தமில்லை. அம்மா ஒருவர்தான், வேறு யாரும் உதவாது என்பது பழைய வாதம். ஆச்சி, அத்தை, தாத்தா என்று இரண்டு மூன்று பேரிடம் பிள்ளைகள் நன்றாகவே ஒட்டுகிறார்கள். ஆள் நிலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒரு வீடு என்று மாற்றாதீர்கள்.

விழுந்து அழாமல் எழுந்தால் 'சிங்கக்குட்டி' என்று கைதட்ட வேண்டாம். போய்க் குனிந்து, 'அய்யோ, நொந்துட்டா' என்று தடவிவிடுங்கள். முதலில் நெளிவான், தள்ளிவிடுவான். ஒரு வாரம், ஒரு மாதம் ஆகலாம், விட வேண்டாம்.

பீடிக்கடைக்குப் போகும்போது 'கண்ணுல காட்டாமப் போயிரு, அழுவான்' என்று நம் வீடுகளில் பின்வாசல் வழியே நழுவுவோம். அதை இன்றோடு நிறுத்துங்கள். எந்த நேரத்தில் அம்மா காணாமல் போவாள் என்று தெரியாத பிள்ளை, ஒன்று அம்மாவை விடவே விடாது, இல்லை நம்புவதையே விட்டுவிடும். முகத்தைப் பார்த்து 'கடைக்குப் போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் 'வந்துட்டேன்' என்று தேடிப்போய்த் தூக்க வேண்டும். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்', 'குறவன்கிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்', 'ஊசி போடுத டாக்டரைக் கூப்பிடவா' என்பதெல்லாம் நமக்கு விளையாட்டு. ஏற்கெனவே ஆட்டம் கண்ட பிள்ளைக்கு அது விளையாட்டில்லை. அதில் ஒரு சாதி ஜனத்தையே பூச்சாண்டியாக்கும் அசிங்கம் வேறு.

மதினியின் சோர்வுக்கு மருத்துவம் வேண்டும். அன்பாகப் பேசினால் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில், சோர்வுற்ற தாய்மார்களிடம் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களே முறையாகப் பேசிப் பழகியதில், குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது சோர்வு நீடித்தவர்கள் 23 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் என்று 2008இல் கண்டார்கள். மருந்து தேவைப்பட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் பார்க்கிறார்கள். வெளியே போகக் கூச்சமென்றால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 'செத்துப்போனா நல்லாருக்கும்' என்பது மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும்.

ஊர் நர்ஸம்மாவிடமும் பால்வாடி டீச்சரிடமும் பையனைப் பற்றிச் சொல்லி வையுங்கள். பள்ளிகளுக்கும் பால்வாடிகளுக்கும் வரும் அரசு மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை பால்வாடிக்கு வரும். வளர்ச்சியில் குறை தெரிந்தால் அவர்களே, குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெளிநாட்டுத் திட்டத்தின் பெயர்ப்பலகையை நெல்லையில் தேடி அலைய வேண்டாம், இவர்களைப் பிடித்தால் போதும்.

அண்ணன் விஷயத்தில் எனக்கு இனிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதத்தில் இரண்டு நாள் வந்து பாத்திரத்தை எறிந்துவிட்டுப் போனால், மிச்ச 28 நாளில் கட்டியது சரியும். வரும் நாளில் குடிக்காத காலை நேரத்தில் பையனை அவரிடம் கொடுத்து ஆற்றங்கரைக்கு அனுப்புங்கள். தாமிரபரணியில் கால் நனைத்துவிட்டு வரட்டும். மேலே சொன்ன 70 ஆய்வுகளில் தகப்பனையும் சேர்த்துக்கொண்டவை கொஞ்சம்தான், ஆனால் அவற்றில் பலன் கூடுதலாகவே தெரிந்தது. குடியை நிறுத்த அரசு ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை இருக்கிறது. கை நீட்டுகிறார் என்றால் பேச்சு வேறு. உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: மதினிக்கு 181, பிள்ளைக்கு 1098. குடும்ப மானம் என்று மூடி மறைத்துவிட்டு ஒட்டுதலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். ருமேனியாவில் அநாதை இல்லங்களில் கிடந்த 136 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அங்கே இரண்டு வயதுக்குள் நல்ல வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதற்குப் பிறகு போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். உங்கள் பையன் அவ்வளவு மோசமான இடத்தில் இல்லை, வயதும் இருக்கிறது. மூன்று நான்கு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

நடுவில் ஒரு நாள், மதினி கடைக்குக் கிளம்பும்போது அவன் வாசல்வரை ஓடி வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு கத்துவான். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, 'நல்லா இருந்த பிள்ளைய இப்படி அழப் பழக்கிட்டீங்களே' என்பார். சண்டைக்குப் போகாதீர்கள். மதினி திரும்பி வந்து தூக்கியதும் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறான், அடங்கியபின் இறங்கி விளையாடப் போகிறானா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.